பட்டம் பெறாத சிற்பி. தலைநகரில் நிற்கும் யட்சி

புது தில்லியின் நாடாளுமன்றத் தெருவில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் வாயிலை இரு கற்சிலைகள் காத்து நிற்கின்றன. ஒரு புறம் யட்சன். மறு புறம் யட்சி. இருபது அடிக்கும் மேல் உயர்ந்து நிற்கும் இச் சிலைகளைக் கடந்துதான் அத் தெருவில் பேரணிகள் போகின்றன. அமைச்சர்களின் கார்கள் விரைகின்றன. செல்வத்தின் காவலர்கள் என்று பழைய மரபு கூறும் யட்சர்கள், நாட்டின் நாணயத்தைக் காக்கும் வங்கியின் வாயிலில் நிற்பதில் பொருத்தம் இருக்கிறது. ஆனால், அவர்களை வடித்தவர் யார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் தலைநகரில் அதிகம் பேர் இல்லை.

அவர் பெயர் ராம்கிங்கர் பைஜ். முடிதிருத்தும் தொழில் செய்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கலைக் கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லாதவர். நவீன இந்தியச் சிற்பக் கலை எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்குக் கலை வரலாற்றாசிரியர்கள் பலர் அவரைத்தான் சுட்டுகின்றனர். அவர் எப்படிக் கற்றார், யாரிடம் கற்றார், எந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன என்பது ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக் கதை மட்டுமல்ல. ஒரு நாடு தன் கலைஞர்களை எப்படிக் கண்டெடுக்கிறது, எப்படித் தவறவிடுகிறது என்பதையும் அது சொல்கிறது.

மண்ணில் தொடங்கிய பாடம்:

வங்கத்தின் மேற்குப் பகுதியில் உள்ள பாங்குராவில் 1906-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்தார் ராம்கிங்கர். செம்மண் பூமி அது. சுடுமண் கோயில்களுக்குப் பெயர்பெற்ற விஷ்ணுபூர் அம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பாங்குராவின் சுடுமண் குதிரைகளை இன்று நாடெங்கும் வீட்டு அலங்காரப் பொருளாக வாங்கிச் செல்கின்றனர். குயவரும் மரத் தச்சரும் தெய்வத் திருவுருவம் சமைப்போரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்த ஊரில், சிறுவனுக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டிலும் அவர்களின் பட்டறைகள்தாம் பிடித்திருந்தன.

பூஜைக் காலத்தில் வைக்கோலைக் கட்டி, களிமண் பூசி, துர்க்கையின் உருவம் படிப்படியாக எழுவதை அவர் அருகிருந்து பார்த்தார். கூடமாட வேலையும் செய்தார். ஓர் உருவத்துக்கு உள்ளே எலும்புக்கூடு போன்ற ஒரு கட்டுமானம் வேண்டும், அதன்மேல்தான் சதை ஏறும் என்ற முதல் பாடத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் இந்தப் பெயர் தெரியாத கைவினைஞர்களே. பிற்காலத்தில் இரும்புக் கம்பிக்கூட்டின் மீது சிமென்ட் கலவையை அறைந்து அவர் எழுப்பிய பெரும் சிற்பங்களுக்கான விதை அந்தப் பட்டறைகளில் விழுந்தது.

இரண்டாவது பள்ளி நாடக மேடை. ஊர் நாடகக் குழுக்களுக்குப் படுதாக்கள் வரைந்து கொடுத்தார். நாடகத்தின் மீதான பற்று அவரைக் கடைசி வரை விட்டு அகலவில்லை. மூன்றாவது பள்ளி அரசியல். காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் வங்கத்தைக் குலுக்கிய 1920-களின் தொடக்கத்தில், ஊர்வலங்களில் ஏந்திச் செல்லத் தலைவர்களின் உருவப் படங்களை வரைந்தார் பதின்வயது ராம்கிங்கர். விடுதலைப் போராட்டம் எத்தனையோ இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பியது. இந்த இளைஞரை அது ஓவியராக ஊருக்கு அறிமுகப்படுத்தியது.

பத்திரிகை ஆசிரியர் திறந்த கதவு:

பாங்குராவின் இந்த இளைஞரைக் கண்டறிந்தவர் ஒரு பத்திரிகையாளர் என்பது இத் தொழிலில் உள்ளோர் பெருமைப்படத் தக்க செய்தி. 'பிரபாசி', 'மாடர்ன் ரிவ்யூ' ஆகிய இதழ்களின் ஆசிரியர் ராமானந்த சட்டர்ஜி பாங்குராவைச் சேர்ந்தவர். காலனி ஆட்சியை அஞ்சாமல் விமர்சித்த அவ் விதழ்கள், இந்திய ஓவியர்களின் படைப்புகளையும் வண்ணத்தில் அச்சிட்டு வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. சொந்த ஊரில் ராம்கிங்கரின் படங்களைக் கண்ட ராமானந்தர், பையனைச் சாந்திநிகேதனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். 1925-இல், 19-வது வயதில், ராம்கிங்கர் அங்கு போய்ச் சேர்ந்தார்.

இரவீந்திரநாத் தாகூர் 1919-இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலாபவனத்துக்கு அப்போது தலைமை வகித்தவர் நந்தலால் போஸ். 1938-இல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் கிராம மக்களின் வாழ்வைச் சுவரொட்டிகளாகத் தீட்டியவரும், பிற்காலத்தில் அரசியல் சட்டத்தின் மூலப் பிரதியைத் தம் மாணவர்களுடன் சேர்ந்து ஓவியங்களால் அணி செய்தவரும் அவரே.

பாங்குராவிலிருந்து வந்த இளைஞர் கொண்டுவந்த படங்களைப் பார்த்த நந்தலால், எல்லாம் கற்றுக்கொண்டுதானே வந்திருக்கிறாய், இங்கே இனி என்ன கற்கப்போகிறாய் என்ற பொருள்படக் கேட்டதாகவும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார் என்று சேர்த்துக்கொண்டதாகவும் சொல்லப்படுகிறது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் முடியவே இல்லை என்று ராம்கிங்கர் முதுமையிலும் வேடிக்கையாக நினைவுகூர்வதுண்டு. மாணவராக நுழைந்தவர் ஆசிரியராகி, சிற்பத் துறைக்குத் தலைமை ஏற்று, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்த வகுப்பு வரை படித்தாய் என்பதை வைத்து நந்தலால் முடிவு செய்யவில்லை. கையில் இருந்த படங்களைப் பார்த்தார், சேர்த்துக்கொண்டார். சாதி வரிசையில் கீழே வைக்கப்பட்ட, கையில் காசில்லாத ஓர் இளைஞருக்கு அந்த நாளில் அது சாதாரண வாய்ப்பு அல்ல.

குருவை மீறக் கற்பித்த குரு:

கலாபவனத்தில் தொடக்கத்தில் சிற்பக் கல்விக்கென வலுவான ஏற்பாடு இருக்கவில்லை. ஓவியமே அங்கு முதன்மைக் கலை. 1920-களின் பிற்பகுதியில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லிசா வான் பாட், பிரிட்டனைச் சேர்ந்த மார்கரெட் மில்வர்ட் ஆகிய இரு பெண் சிற்பிகள் சாந்திநிகேதனுக்கு வந்து தங்கினர். மில்வர்ட், பிரெஞ்சுச் சிற்பி பூர்தெல்லிடம் பயின்றவர். பூர்தெல், ரோதானின் பட்டறையில் பணியாற்றியவர். அதாவது, ஐரோப்பிய நவீனச் சிற்பத்தின் நேரடி மரபு ஒன்று வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் கிராமத்துக்கே நடந்து வந்தது. துர்க்கை உருவம் செய்யப் பழகிய கைகள் அந்தப் பாடத்தை விரைந்து பற்றிக்கொண்டன. ஐரோப்பாவுக்குச் சென்று பயிலும் வாய்ப்பின்றியே, புத்தகங்கள் வழியாகவும் இத்தகைய விருந்தினர்கள் வழியாகவும் அவர் உலகச் சிற்பத்தை அறிந்தார்.

எண்ணெய் வண்ண ஓவியத்தில் நந்தலாலுக்கு நாட்டம் இல்லை. அது அந்நிய மரபு என்பது அந்நாளைய வங்க ஓவியர்கள் பலரின் கருத்து. ஆனால் ராம்கிங்கர் எண்ணெய் வண்ணத்தைத் தாமாகவே பழகிக்கொண்டார். குருவுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கலாம்; எனினும் சீடனை அவர் வெளியே அனுப்பவில்லை. தன் வழியை மறுக்கும் மாணவனுக்கும் இடம் கொடுக்கும் இந்தப் பெருந்தன்மைதான் கலாபவனத்தின் உண்மையான பாடத்திட்டம் என்று சொல்ல வேண்டும்.

வறுமை தந்த வடிவம்:

வெண்கலத்தில் வார்க்கப் பணம் வேண்டும். சலவைக்கல்லும் விலை அதிகம். பெரிய சிலை செய்யும் ஆசை மட்டும் இருந்த இளம் ஆசிரியரின் கைக்கு எட்டியவை சிமென்டும், சாந்திநிகேதன் நிலத்தில் காலடியெங்கும் கிடக்கும் செம்புறாங்கல் சரளையும்தாம். இரண்டையும் கலந்தார். இரும்புக் கம்பிக்கூட்டின் மீது அந்தக் கலவையைக் கையால் எறிந்து, கொத்தனார் கரண்டியால் அப்பி, இறுகி முடிவதற்குள் செதுக்கினார். வீடு கட்டும் பொருள் சிற்பமாயிற்று. அந்தக் கரடுமுரடான மேற்பரப்பே அவருடைய அடையாளமாகவும் ஆயிற்று.

1935-இல் மரங்களுக்கிடையே ஒல்லியாக, நெடிதாக எழுந்தது ஒரு பெண் உருவம். நந்தலாலின் யோசனைப்படி அதன் தலையில் பாத்திரம் ஒன்று சேர்க்கப்பட, புத்தருக்குப் பாயசம் படைத்த 'சுஜாதா' ஆனாள் அவள். அதைக் கண்ட தாகூர், சிற்பியை அழைத்து வரச் சொன்னார். கண்டிக்கப்போகிறார் என்று நடுங்கிச் சென்ற ராம்கிங்கரிடம், இந்த வளாகம் முழுவதையும் இப்படிப்பட்ட சிலைகளால் நிரப்பு என்று கவி கூறினார் என்பது சாந்திநிகேதனில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1938-இல் அவர் அமைத்த 'சாந்தால் குடும்பம்' இந்தியச் சிற்பத்தின் திசையைத் திருப்பியது. பழங்குடி ஆண் ஒருவன் தோளில் காவடித் தண்டைச் சுமந்து நடக்கிறான். அதன் கூடையில் குழந்தை. அருகே மனைவி, அவள் இடுப்பில் இன்னொரு குழந்தை. கூடவே ஒரு நாய். இருப்பதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பிழைப்புத் தேடி இடம்பெயரும் ஒரு குடும்பம், அவ்வளவுதான் பொருள்.

ஆனால், அந்நாளில் நாட்டில் பெரிய சிலைகள் யாருக்கு எழுந்தன? வைஸ்ராய்களுக்கும் மகாராஜாக்களுக்கும் படைத் தளபதிகளுக்கும். பீடத்தின் உயரத்தில், குதிரையின் மீது. ராம்கிங்கரோ கூலிக்குப் போகும் குடும்பத்தை ஆளைவிடப் பெரிய அளவில், ஏறத்தாழ தரையோடு தரையாக, அவர்கள் நடக்கும் மண்ணிலேயே நிறுத்தினார். நவீன பாணியில் இந்தியாவில் எழுந்த முதல் பொதுவிடச் சிற்பம் என்று இதைக் கலை வரலாறு பதிவு செய்கிறது. யாரும் அதற்கு ஆணை கொடுக்கவில்லை. யாரும் விலை பேசவில்லை. புலம்பெயர் தொழிலாளர் என்ற சொல் நமது அரசியல் மேடைகளில் பழக்கத்துக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே, அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது.

1956-இல் அமைத்த 'ஆலைச் சங்கு' இதன் தொடர்ச்சி. அரிசி ஆலையின் சங்கு ஊதுகிறது. சாந்தால் பெண்கள் இருவர் ஓடுகிறார்கள். துவைத்த சேலை அவர்கள் ஓட்டத்திலேயே காற்றில் காய்கிறது. பின்னால் ஒரு சிறுவன். முதல் சிற்பத்தில் உழவு நிலத்தை விட்டு நடந்தவர்கள், இரண்டாவதில் ஆலை மணிக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறார்கள். சுதந்திர இந்தியாவின் தொழில்மயத்தைப் பற்றிப் புள்ளிவிவரங்கள் சொல்லாத ஒன்றை அந்த ஓட்டம் சொல்கிறது.

வங்கி வாயிலில் 12 ஆண்டு:

புதிய அரசுக் கட்டடங்களில் இந்தியக் கலைஞர்களுக்கு இடம் தர வேண்டும், கட்டடச் செலவோடு ஒப்பிட்டால் அதற்காகும் தொகை மிகச் சிறிது என்பது பிரதமர் நேருவின் எண்ணம். புது தில்லியில் எழுந்த ரிசர்வ் வங்கிக் கட்டடத்துக்கு அந்த யோசனை செயல்வடிவம் பெற்றது. வாயிலின் ஒரு புறம் தொழில் வளத்தையும் மறு புறம் வேளாண் வளத்தையும் குறிக்கும் உருவங்கள் அமையலாம் என்றார் வங்கியின் மத்திய வாரியத்தில் இருந்த ஜே.ஆர்.டி. டாடா. கலை அறிஞர் கார்ல் கண்டாலாவாலாவின் ஆலோசனையில் அது யட்சன், யட்சி என்று வடிவம் கொண்டது. ஒன்பது கலைஞர்களுக்கு அழைப்பு போயிற்று. ஐவர் மாதிரிகளை அனுப்பினர். ராம்கிங்கரின் மாதிரிகளே ஏற்கப்பட்டன.

மதுரா அருங்காட்சியகத்தில் உள்ள பார்க்கம் யட்சனையும், கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ள பேஸ்நகர் யட்சியையும் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். இரண்டுமே சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. சிமென்டில் விரைந்து வேலை செய்து பழகியவருக்கு, கல் வேறொரு பொறுமையைக் கேட்டது. இமயமலையின் காங்க்ரா பள்ளத்தாக்கில் தகுந்த பாறையைத் தேடிப் பிடிப்பதும், அதைத் தலைநகருக்குக் கொண்டு வருவதுமே பெரும்பாடாயிற்று. 1950-களின் நடுவில் தொடங்கிய வேலை 1967-இல்தான் நிறைவு பெற்றது. அவர் வாழ்வின் முதிர்ந்த 12 ஆண்டுகள் அதில் கரைந்தன.

அதோடு முடியவில்லை. யட்சியின் ஆடையற்ற மேனி சர்ச்சையைக் கிளப்பியது. மாநிலங்களவை நியமன உறுப்பினர் பேராசிரியர் சத்யவ்ரத சித்தாந்தாலங்கார், ஒரு பெண்ணின் நிர்வாண உருவத்தை ரிசர்வ் வங்கியின் வாயிலில் நிறுத்துவது ஏன் என அவையில் கேள்வி எழுப்பினார். பொதுப் பணத்தில் எழும் சிலையைப் பற்றிக் கேட்க மக்கள் பிரதிநிதிக்கு உரிமை உண்டு; அதை மறுப்பதற்கில்லை. ஆனால், அருங்காட்சியகத்தில் இருந்தால் பெருமைக்குரிய தொன்மை, தெருவில் நின்றால் மானக்கேடு என்ற முரண்பாட்டுக்கு விடை யாரிடமும் இல்லை. யட்சி அங்கிருந்து அகற்றப்படவில்லை என்பது ஆறுதல்.

அங்கீகாரம் மெல்ல வந்தது:

1970-இல் பத்மபூஷண் விருது வந்தது. லலித் கலா அகாதெமியின் பெல்லோஷிப்பும், விசுவபாரதியின் தேசிகோத்தம பட்டமும் பின்தொடர்ந்தன. இயக்குநர் ரித்விக் கட்டக் 1975-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டே கட்டக் மறைந்ததால் படம் நிறைவடையவில்லை. எழுத்தாளர் சமரேஷ் பாசு அவர் வாழ்வை நாவலாக எழுத முற்பட்டார். அதுவும் ஆசிரியரின் மறைவால் பாதியில் நின்றது. 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார் ராம்கிங்கர். தில்லி தேசிய நவீனக் கலைக்கூடம் அவருடைய படைப்புகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி நடத்தியது 2012-இல்தான். அதை அமைத்தவர் அவருடைய மாணவரும் சிற்பியுமான கே.எஸ். ராதாகிருஷ்ணன்.

இன்னொரு செய்தியும் கருதத் தக்கது. தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தை நாடாளுமன்றம் 1972-இல் நிறைவேற்றியது. அதன்கீழ் 1970-களில் வெளியான அறிவிக்கைகளின் மூலம் ஒன்பது கலைஞர்களின் படைப்புகள் நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாத தேசியக் கருவூலங்களாயின. தாகூர், நந்தலால், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், ரவிவர்மா போன்றோர் அதில் உண்டு. ஒன்பது பேரும் ஓவியத்தால் அறியப்பட்டவர்கள். சிற்பத்தால் அறியப்பட்ட ஒருவர்கூட அதில் இடம்பெறவில்லை.

தமிழ் மாணவர் ஒருவர்:

ராம்கிங்கருக்குத் திறந்த கதவு அவருக்குப் பின்னும் மூடப்படவில்லை. அவரிடம் பயின்ற சங்கோ சௌத்ரி, பரோடா பல்கலைக்கழகத்தில் சிற்பத் துறையைக் கட்டி எழுப்பினார். கேரளத்தின் கூத்துப்பரம்பாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற கே.ஜி. சுப்பிரமணியன், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளில் படிக்கத் தடை விதிக்கப்பட்டார். அவரையும் 1944-இல் சேர்த்துக்கொண்டது கலாபவனம். நந்தலால், பினோத் பிஹாரி முகர்ஜி, ராம்கிங்கர் ஆகியோரிடம் பயின்ற அவர், 2012-இல் பத்மவிபூஷண் விருது பெறும் அளவுக்கு உயர்ந்தார்; 2016-இல் மறைந்தார். அரசாங்கம் அடைத்த கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு திறந்திருந்ததால் நாட்டுக்குக் கிடைத்த கலைஞர் அவர்.

இன்று வந்தால்?

விசுவபாரதியை 1951-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகவும் மத்தியப் பல்கலைக்கழகமாகவும் ஆக்கியது. அதனால் நிதி வந்தது, நிலைபேறு வந்தது. 2023-இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. கூடவே விதிகளும் வந்தன. கலாபவனத்தில் இளநிலைப் பட்டப் படிப்பில் சேர 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆசிரியராகப் பட்டம் வேண்டும்.

விதிகளைக் குறை கூறுவது எளிது. சான்றிதழைப் பாராமல் சேர்ப்பது என்றால், செல்வாக்கு உள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் நுழைந்துவிடுவர் என்ற அச்சம் நியாயமானதே. இடஒதுக்கீடு முறையாக நடைபெறவும், தேர்வில் வெளிப்படைத்தன்மை இருக்கவும் வரையறுத்த தகுதிகள் தேவைப்படுகின்றன. நந்தலாலைப் போன்ற ஒருவரின் கண்ணை நம்பி ஒரு நாட்டின் கல்வி முறையை நடத்த முடியாது என்பதும் உண்மை.

எனினும், கலையில் விதியும் திறமையும் ஒரே வாசலில் வருவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற திட்டத்தை வகுத்தபோது இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. தம் துறையில் 15 ஆண்டு அனுபவம் உடையவர்களைப் பட்டம் கேட்காமலேயே கற்பிக்க அழைக்கலாம் என்று அது கூறுகிறது; கைவினைஞர்களும் கலைஞர்களும் இதில் அடங்குவர். ஆனால் அது சில ஆண்டுகளுக்கான தாற்காலிகப் பணி. மேலும், புகழ் பெற்ற பிறகு அழைப்பதற்கான வழி அது. பத்தொன்பது வயதில், பெயர் தெரியாமல், ஒரு சுருள் படங்களுடன் வந்து நிற்பவருக்கு அதில் வழி இல்லை.

பூஜைப் பந்தல்களுக்கு உருவம் செய்யும் வீடுகளிலும், கோயில் சிற்பிகளின் பட்டறைகளிலும், விளம்பரப் பலகை எழுதும் கடைகளிலும் இன்றும் இளைஞர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கின்றனர். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பலர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். கலைக் கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் சில இடங்களையாவது இத்தகையோருக்கு, கைத்திறனை மட்டும் சோதித்து, நடுவர் குழு ஒன்றின் மூலம் வெளிப்படையாக வழங்கினால் எந்த விதியும் சீர்குலைந்துவிடாது. கல்வி மானியக் கோரிக்கை விவாதங்களில் எத்தனையோ எண்கள் வந்து போகின்றன. இந்தச் சிறிய எண்ணையும் யாராவது ஒருவர் எழுப்பலாம்.

யட்சி ஆடை அணிந்திருக்கிறாளா என்று ஒரு காலத்தில் அவையில் கேட்கப்பட்டது. அவளை வடித்தவரைப் போன்ற இன்னொருவர் இன்று உள்ளே வர வழி இருக்கிறதா என்பது அதைவிட அவசரமான கேள்வி.